பெருங்களரியிலிருந்து உள்ளங்கைக்கு: ‘செயின்ஸ் ஒஃப் ஒலிம்பஸ்’ பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1962ஆம் ஆண்டிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ கூத்தினை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடப்படுவதொன்றை ஓரிரு மணி நேரத்துள் எவ்வாறு அடக்குவது என்பது அவர் முன்னிருந்த முதற் பிரச்சினையாயிற்று. நாற்புறமும் பார்வையாளர் சூழ்ந்திருக்கும் வட்டக்களரிக்கென அமைந்த ஆட்டம், ஒருபுறம் மட்டுமே திறந்த படச்சட்ட மேடைக்கு வரவேண்டியிருந்தது. எதனை விடுவது, எதனை வைத்துக்கொள்வது, வைத்துக்கொண்டதைப் புதிய இடத்தில் எவ்வாறு நிறுத்துவது ஆகிய வினாக்களுக்கு விடைதேடிய முயற்சிகளாகவே ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ (1968) ஆகியவற்றையும் நாம் நோக்குதல் பொருந்தும். இம்முயற்சிகளைப் பற்றி ஈழத்து விமர்சகர்கள் நிறையவே எழுதியுள்ளனர். அதே வினாக்கள், இன்றைய மாணவர் தம் கைகளில் ஏந்தியிருக்கும் பிறிதொரு கலைவடிவத்திலும் எழுந்துள்ளன என்பதை மட்டும் நாம் கவனியாது விட்டுவிட்டோம். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடப்படும் பெரிய சண்டை ஆட்டமொன்றைக் கைக்கருவிக்கென மாற்றியமைத்தலை இங்கு கருதுகின்றேன்.

வீடியோ ஆட்டம் விமர்சனத்துக்குரிய பொருளா எனச் சிலர் வினவக்கூடும். ஒரு காலத்தில் சினிமாவைப் பற்றியும் இவ்வினா எழுந்தது. அதற்கு முன்னர் கூத்தினைப் பற்றியும் படித்தோர் இவ்வாறே கேட்டனர். அவ்விவாதத்துள் நுழைய நான் விரும்பவில்லை. இளந்தலைமுறையின் ஓய்வு நேரத்தையும் உணர்ச்சிகளையும் இத்துணை ஆட்கொண்டுள்ள ஒன்று எவ்வாறு ஆக்கப்பட்டது, ஆக்கியவர்கள் தம் தொழிலைச் சரியாகச் செய்தார்களா என்று கேட்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை.

சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கென 2005இல் வெளிவந்த ‘கொட் ஒஃப் வோர்’ பெரிய ஆட்டம் என்பதற்குத் தக்க உதாரணமாகும். அமெரிக்காவின் சன்ரா மொனிக்கா கலையகம் ஆக்கி, டேவிட் ஜாஃபி நெறிப்படுத்திய இவ்வாட்டம், கிரேக்க புராணங்களைத் தன் விருப்பம்போற் கலைத்து அடுக்கியது. போர்க் கடவுளான ஏரிஸுக்கு அடிமைப்பட்ட கிரேட்டோஸ் என்னும் ஸ்பார்ட்டா வீரன், அக்கடவுளின் சூழ்ச்சியினால் தன் மனைவியையும் மகள் கலியோப்பியையும் தன் கையாலேயே கொன்றுவிடுகின்றான். அவர்களின் சாம்பல் அவன் தோலோடு ஒட்டிக்கொண்டு அகலாதிருக்கின்றது. மீதிக் கதை பழிவாங்கல். தொடக்கத்திலேயே புயற்கடலிலிருந்து ஹைட்ரா என்னும் பலதலைப் பாம்பு கப்பலைப் பிளந்துகொண்டு எழுகின்றது. பின்னர், குரோனோஸ் என்னும் பேருருவன் தன் முதுகிற் கட்டிச் சுமந்தபடி பாலைவனத்தில் ஊர்ந்து திரியும் கோயிலொன்றினுள் நாம் ஏறிச் செல்கின்றோம். மனிதனைச் சிறு புள்ளியாக்கிக் காட்டி, அப்புள்ளி மலையைச் சாய்ப்பதைக் காணச் செய்தலே இவ்வாட்டத்தின் அழகியல் எனலாம். கெமராவை ஆட்டக்காரரின் கையில் விடாது, ஒவ்வொரு காட்சியையும் எங்கிருந்து காணவேண்டும் என்பதை ஆக்கியோரே தீர்மானித்தனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இச்செய்தி பின்னர் முக்கியமாகும்.

இதனைக் கொண்டுவர வேண்டியிருந்த கைக்கருவியோ, 2004 இறுதியில் யப்பானில் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டபிள், சுருக்கமாக பீ.எஸ்.பி. அதன் திரை மூலைக்கு மூலை 4.3 அங்குலம், 480 புள்ளி அகலமும் 272 புள்ளி உயரமும் கொண்டது. பெரிய கருவியின் கைப்பிடியில் இரண்டு திசைக்குமிழ்கள் இருந்தன, இதிலோ ஒன்றே. தோட்பட்டைப் பொத்தான்கள் நான்கு இருந்த இடத்தில் இரண்டே எஞ்சின. ஒரு வட்டில் 1.8 கிகாபைற்றுக்கு மேல் ஏற்ற இயலாது. புலவனிடம் விருத்தத்தைப் பறித்துக்கொண்டு குறளைக் கொடுத்தாற் போன்ற நிலை இது.

இவ்விடத்து நம் சூழலைச் சற்று நோக்குதல் வேண்டும். கைக்கருவி ஆட்டத்தைப் பெரிய ஆட்டத்தின் ஏழைப் பிரதியாகக் கருதும் வழக்கம், ஒவ்வொருவருக்கும் ஓர் அறையும் ஒவ்வோர் அறைக்கும் ஒரு தொலைக்காட்சியும் உள்ள நாடுகளில் உருவான வழக்கம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைத் தொடர்மாடிகளிலும், கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடுகளிலும், தொலைக்காட்சி குடும்பத்தின் பொதுச் சொத்து. ஏழு மணிக்குப் பின் அது அப்பாவின் செய்திக்கும் அம்மாவின் தொடர் நாடகத்துக்கும் உரியது. கனடாவிலிருந்து மாமா ஒருவர் அனுப்பிய பீ.எஸ்.பி. எனக்குக் கிடைத்த 2008ஆம் ஆண்டிலே, அதுவே எனக்கென்று அமைந்த ஒரேயொரு திரை. அக்காலத்துக் கொழும்பையும் நினைவுகூர்தல் தகும். அதற்கு முந்திய ஆண்டு யூன் 7ஆந் திகதி, விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா நோக்கி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கைக்குத் தடை விதித்தது. இருட்டிய பின் பிள்ளைகளை வெளியே விட வீட்டார் அஞ்சிய காலம். பையொன்றினுள் அடங்குவதே தன்னுடையது என்று எண்ணப் பழகியவர்களுக்குக் கைக்கருவி இரண்டாந்தரமான பொருளாகத் தோன்றியிருக்க நியாயமில்லை. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபோதும், தொலைக்காட்சி இருண்டிருக்க மின்கலத்தில் இயங்கும் சிறு திரையே ஒளிர்ந்தது.

ஆகவே, சிறிய கருவிக்கென ஆக்குதலும் தனக்கென ஒழுங்குகளையுடைய ஒரு கலைச்செயல் என்று கொண்டே மேற்செல்கின்றேன். அச்செயலில் இருவேறு பாதைகள் உண்டென்பதை 2000ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டிற்று. அப்போதைய கைக்கருவி நின்டென்டோவின் கேம் போய் கலர். 160 புள்ளிக்கு 144 புள்ளி அளவுடைய திரை. கப்கொம் நிறுவனத்தின் ‘ரெசிடென்ட் ஈவில்’ (1996) என்னும் திகில் ஆட்டத்தை அதிற் கொண்டுவர ஹொட்ஜென் என்ற பிரித்தானியக் குழுவினர் முயன்றனர். மாளிகையின் அறைகள், கெமராக் கோணங்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர்த்து வைக்கும் அம்முயற்சி 2000இல் வெளிவராமலே கைவிடப்பட்டது. அதே ஆண்டில் கொனாமி நிறுவனம் ‘மெற்றல் கியர் சொலிட்’ (1998) ஆட்டத்தின் பெயரைத் தாங்கிய ஒன்றினை அதே கருவிக்கு வெளியிட்டது. இவர்கள் முப்பரிமாணக் காட்சியைத் தொடவேயில்லை. 1987இல் அத்தொடர் தோன்றியபோது இருந்தவாறே, மேலிருந்து நோக்கும் தட்டையான படத்துக்குத் திரும்பிச் சென்றனர். ஒளிந்திருத்தல், காவலாளியின் நடையை எண்ணுதல், தக்க தருணத்துக்குக் காத்திருத்தல் என்பனவே இவ்வாட்டத்தின் உயிர். அவை தட்டைப் படத்திலும் குறைவின்றி நின்றன. முன்னையவர்கள் மூலத்தின் தோற்றத்தைச் சுமக்க முயன்றனர். பின்னையவர்கள் அதன் தொழிற்பாட்டைச் சுமந்தனர்.

‘கொட் ஒஃப் வோர்’ ஆட்டத்தைச் சுமப்பது இதனினும் கடினம். ஏனெனில் அங்கே தோற்றமே தொழிற்பாட்டின் பெரும்பகுதி. பிரமாண்டத்தை எடுத்துவிட்டால் எஞ்சுவது யாது?

இவ்வினாவை எதிர்கொண்டவர்கள் கலிபோர்னியாவின் ‘ரெடி அற் டோன்’ கலையகத்தினர். 2003இல் தொடங்கப்பெற்ற இக்கலையகம் ‘டாக்ஸ்டர்’ (2006) என்னும் ஆட்டத்தின் மூலம் பீ.எஸ்.பி. கருவியின் இயல்பை நன்கறிந்திருந்தது. 2008 மார்ச்சில் வெளிவந்த ‘கொட் ஒஃப் வோர்: செயின்ஸ் ஒஃப் ஒலிம்பஸ்’ ஆட்டத்தின் நெறியாளர் ரூ வீரசூரிய. இக்குடும்பப் பெயர் கொழும்பில் வாழும் நமக்கு அந்நியமானதன்று; எனினும் ஒரு பெயரை வைத்துக்கொண்டு இப்படைப்பில் நம் தீவுக்குப் பங்கு கேட்பது வீண் பெருமையாகும்.

அவர்கள் செய்த முதல் நல்ல காரியம், பழைய ஆட்டத்தைப் பெயர்க்காது புதுக் கதையொன்றை வகுத்தமை. மூல ஆட்டத்துக்கு முந்திய காலத்தில், கிரேட்டோஸ் இன்னும் கடவுளருக்கு ஊழியம் செய்துகொண்டிருக்கையில் நிகழும் கதை இது. சூரியக் கடவுளான ஹீலியோஸ் கடத்தப்பட, சூரியன் வானிலிருந்து விழுகின்றது. கனவுகளின் கடவுளான மோர்பியஸின் மூடுபனி உலகைக் கவிகின்றது. தொலைதூரக் காட்சிகளை விரித்துக் காட்டும் வலு குறைந்த கருவிக்கு, வெளிச்சம் அணைந்த உலகைப் போற் பொருத்தமான களம் வேறில்லை. கருவியின் குறையைக் கதையின் இயல்பாக மாற்றும் இவ்வுத்தி திட்டமிட்டதாயினும் தற்செயலாயினும் பாராட்டத்தக்கதே. (இதிலொரு வேடிக்கையும் உண்டு. நண்பகலில் காலி வீதிப் பேருந்தின் யன்னலோரத்தில் அமர்ந்து இதனை ஆட முயன்றவர்கள் தம் முகத்தையே திரையிற் கண்டிருப்பர். சூரியன் விழுந்த கதையைக் கொழும்புச் சூரியனின் கீழ் ஆட இயலாது.)

இரண்டாவது, கட்டுப்பாடு. மூலத்தில் வலப்புறத் திசைக்குமிழைச் சாய்த்தால் கிரேட்டோஸ் உருண்டு தப்புவான். இங்கு அக்குமிழே இல்லை. எனவே இரு தோட்பட்டைப் பொத்தான்களையும் ஒருங்கே அழுத்தி, எஞ்சிய ஒரே குமிழைச் சாய்க்கும் முறை வகுக்கப்பட்டது. ஓரிரு மணி நேரத்தில் விரல்கள் இதற்குப் பழகிவிடுகின்றன. கெமரா ஆட்டக்காரரின் பொறுப்பன்று என்ற மூலத்தின் கொள்கையே இதனைச் சாத்தியமாக்கிற்று. கெமராவையும் ஆட்டக்காரரே திருப்பவேண்டிய ‘மொன்ஸ்டர் ஹண்டர்’ போன்ற ஆட்டங்களில், இடக்கைச் சுட்டுவிரலை நண்டின் கொடுக்குப்போல் வளைத்துப் பிடிக்கும் விபரீதப் பழக்கமொன்று இதே கருவியில் தோன்றியதை ஆடியோர் அறிவர். ஒரு படைப்பு இடம்பெயரக் கூடியதா என்பது அதன் மூல வடிவத்திலேயே ஓரளவு தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது.

கருவியின் வேகம் பற்றியும் ஒரு சொல். மின்கலம் விரைவில் தீராதிருக்கும்பொருட்டு பீ.எஸ்.பி.யின் செயலி 222 மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்கு மேற் செல்லாதவாறு சோனி கட்டிவைத்திருந்தது. 2007இல் அக்கட்டுத் தளர்த்தப்பட்டு, அதன் முழு வேகமான 333 மெகாஹேர்ட்ஸ் ஆட்டங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அவ்வாய்ப்பை இவ்வாட்டம் நன்கு பயன்படுத்திக்கொண்டது. விலையாக மின்கலம் விரைந்து தீர்ந்தது.

எனினும் இவையெல்லாம் தொழில்நுட்பத் திறமைகளே. இவ்வாட்டத்தை விமர்சனத்துக்குரியதாக்குவது இறுதிப் பகுதியில் வரும் ஒரு காட்சி. கதை நெடுகிலும் கிரேட்டோஸின் காதில் ஒரு குழலோசை கேட்கின்றது. அவனது இறந்த மகள் வாசித்த இசை அது. ஹெட்போன் அணிந்து இரவில் ஆடுபவருக்கு அவ்வோசை அறையில் அன்றித் தன் தலைக்குள்ளேயே கேட்கின்றது. அதனைத் தொடர்ந்து பாதாளம் கடந்து எலீசியம் என்னும் மேலுலகை அடையும் அவன், தன் வலிமையையும் ஆயுதங்களையும் துறந்து மகளைக் கூடுகின்றான். அப்போது பெர்சிபனி தன் திட்டத்தை வெளியிடுகின்றாள். அற்லஸைக் கொண்டு உலகத்தைத் தாங்கும் தூணை அவள் தகர்க்கப் போகின்றாள். தகர்ந்தால் எலீசியமும் அதிலுள்ள மகளும் அழிவர். அதனைத் தடுக்க வேண்டுமாயின் அவன் மீண்டும் கொலைஞனாக வேண்டும். கொலைஞனானால் மகளோடு இருக்க முடியாது. மகள் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கின்றாள். அவளைத் தள்ளிவிடுமாறு ஆட்டம் நம்மைப் பணிக்கின்றது. ஒரு பொத்தானை விரைவாக, மீண்டும் மீண்டும் அழுத்தவேண்டும். அரக்கர்களின் தலையைப் பிளக்க இதுவரை பயன்பட்ட அதே விரலசைவு, இப்போது ஒரு குழந்தையின் கைகளைப் பிரிக்கப் பயன்படுகின்றது. அழுத்தாது நின்றால் கதை நகராது.

இக்காட்சியின் சிறப்பை உணர மூல ஆட்டத்தின் இறுதிப் போரை நினைவுகூரல் வேண்டும். அங்கே ஏரிஸ் தோற்றுவிக்கும் மாய உலகில் கிரேட்டோஸ் தன் உருவத்தையே கொண்ட பகைவர் பலரிடமிருந்து மனைவியையும் மகளையும் காக்கின்றான். அவர்களை அணைத்துத் தன் உயிர்ச்சக்தியைப் பகிர்ந்துகொடுக்கவும் முடியும். எண்ணம் அரியது. ஆயின் பெரிய களத்தின் ஆரவாரத்திடையே அவ்வணைப்பு ஒரு கணக்குத் தீர்க்கும் வேலையாகவே முடிந்துவிடுகின்றது. கைக்கருவிக்கென ஆக்கியவர்களோ அதனைத் தலைகீழாக்கினர். களத்தில் பகைவர் இல்லை, மலை இல்லை, இரண்டே உருவங்கள். திரை நம் நெஞ்சிலிருந்து ஒரு முழத்தூரத்தில், நம் இரு கைகளுக்கும் நடுவில் இருக்கின்றது. தள்ளுகின்ற விரலுக்கும் தள்ளப்படுகின்ற குழந்தைக்கும் இடையே இரண்டு அங்குலமும் இல்லை. அண்மையைத் தன் வலிமையாகக் கொண்ட ஒரு கருவி, அவ்வலிமைக்குரிய காட்சியைக் கண்டுகொண்ட இடம் இதுவென்பேன். ‘இராவணேசன்’ கூத்தில் போர்க்களத்தினும் இராவணனின் உள்ளப் போராட்டமே முதன்மை பெற்றதை இதனோடு ஒப்பிடலாம். களரி சுருங்கியபோது ஆட்டம் உள்முகமாகத் திரும்பிற்று.

இத்தகைய கண்டுபிடிப்பு ஆட்டம் முழுவதிலும் நிகழ்ந்துள்ளது என்று கூற இயலாதிருப்பது வருத்தத்துக்குரியது. தொடக்கத்தில் வரும் பாரசீகப் படையெடுப்பும் பசிலிஸ்க் என்னும் பெருவிலங்கும், ஹைட்ராக் காட்சியை நினைத்துக்கொண்டு வரைந்தவை என்பது வெளிப்படை. நான்கு அங்குலத் திரையில் பேருருவம் பேருருவமாகத் தோன்றுவதில்லை. அருகில் நிற்கும் மனிதன் மேலும் சிறுத்துக் கண்ணுக்குத் தெரியாது போகின்றான். எதிரி வகைகளும் குறைவு. ஒரே வகையினர் மீண்டும் மீண்டும் வருகின்றனர். பெண்ணுடலைப் பரிசுப் பொருளாகக் காட்டும் மூலத்தின் மலினமான இடையீடு ஒன்றும் அப்படியே தொடர்ந்து வந்துள்ளது. எதை விடலாம் என்று இவ்வளவு சிந்தித்தவர்கள், விட்டிருக்கவேண்டிய முதற் பொருளை விடவில்லை.

ஐந்தாறு மணி நேரத்துள் முடிந்துவிடுகின்றது என்ற குறைபாட்டையும் பலர் கூறினர். இதனை நான் ஏற்கவில்லை. விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கியபோதும் இதே முறைப்பாடு எழுந்திருக்கும். இழக்கப்பட்டது நேரமா, அந்நேரம் தந்த அனுபவமா என்பதே கேட்கவேண்டியது. வட்டக்களரியில் கூத்தனுக்கும் ஊராருக்கும் இடையே இருந்த உறவு மேடையில் அறுந்தது. அது உண்மையான இழப்பு. இங்கு அறுந்தது யாதெனில், நண்பர் பலர் ஒரே தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, ஒருவர் ஆட மற்றவர் வாய்க்கு வந்தபடி ஆலோசனை கூறும் அந்தக் கூட்டுப் பொழுது. கைக்கருவி தனிமைக்குரியது. மேலே விதந்த காட்சியும் அத்தனிமையின் பயனே. இரண்டையும் ஒருங்கே பெற வழியில்லை.

2010இல் அதே கலையகம் வெளியிட்ட ‘கோஸ்ட் ஒஃப் ஸ்பார்ட்டா’ தொழில்நுட்பத்தில் இதனை விஞ்சியது, நீளமும் கூடியது. அற்லாந்திஸ் நகரும் கடலும் இடியும் மின்னலுமாக நிறைந்தது. கருவி இவ்வளவையும் தாங்குமா என வியந்தேன்; வேறெந்த உணர்ச்சியும் என்னிடம் எஞ்சவில்லை.

அதற்குப் பிந்திய கைக்கருவிகள் இப்பிரச்சினையின் வடிவத்தையே மாற்றியுள்ளன. 2019 ஒக்டோபரில் ‘விட்சர் 3’ என்னும் மாபெரும் ஆட்டம் நின்டென்டோ சுவிட்ச் கருவிக்கு வந்தபோது, அதன் காடும் நகரும் கதையும் முழுமையாகவே வந்தன. படத்தின் கூர்மை மட்டும் குறைக்கப்பட்டது. ஆக்கியோரின் உழைப்பு அளப்பரியது. ஆயினும் எதையும் விடாது கொண்டுவந்ததில் விமர்சகன் வாசிக்கத்தக்க தெரிவு எதுவுமில்லை; மங்கிய கண்ணாடியூடாக ஒரு நல்ல ஓவியத்தைக் காண்பது போன்றது அது. இந்தியாவின் புனே நகரிலிருந்து 2020இல் வந்த ‘ராஜி’ இதற்கு மாறாக, முதலில் சுவிட்ச் கருவியில் வெளிவந்து, பின்னரே பிற பெரிய கருவிகளை அடைந்தது. தம்பியைத் தேடிச் செல்லும் பெண்ணொருத்தியின் கதை. கெமரா மிகத் தொலைவில் நிற்பதால், கைக்கருவியில் அவள் பல வேளைகளில் கோட்டைச் சுவர்களிடையே எறும்பாகிவிடுகின்றாள். ஆனால் கதையை இடையிடையே சொல்வதற்கு அவர்கள் நிழற்பாவைகளைக் கையாண்டுள்ளனர். இராமாயணம் முழுவதையும் ஒரு துணித்திரையிற் காட்டிய மரபு அது. கைகால் அசைவும் புறவடிவமும் மட்டுமே கொண்ட அந்நிழல்கள் சிறு திரையில் ஒரு சிறிதும் குன்றாது நிற்கின்றன. அப்பகுதிகளைக் காணும்போது, சுருக்கத்தின் இலக்கணம் நமக்குப் பழையதுதானே என்ற எண்ணம் எழுவதைத் தவிர்க்க முடிவதில்லை.

‘செயின்ஸ் ஒஃப் ஒலிம்பஸ்’ பின்னர் எதிர்த்திசையிலும் பயணம் செய்தது. 2011இல் அது ‘கோஸ்ட் ஒஃப் ஸ்பார்ட்டா’ ஆட்டத்தோடு சேர்த்துப் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கெனக் கூர்மைப்படுத்தப்பட்டு வெளியிடப்பட்டது. கொட்டாஞ்சேனையில் நண்பர் ஒருவரின் வீட்டில் அதனைப் பெரிய தொலைக்காட்சியிற் கண்டேன். பசிலிஸ்க் இப்போதுதான் தன் உருவத்தை அடைந்திருந்தது. அக்காட்சி வெகுவாகச் சிறந்திருந்தது. மகளைத் தள்ளும் காட்சி வந்தபோது நாங்கள் நால்வர் அமர்ந்திருந்தோம். திரை எட்டடி தள்ளி, சுவரோரம் இருந்தது. நண்பர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க, பின்னாலிருந்த ஒருவர் “இன்னும் கெதியா அமத்தடா” என்றார். எல்லோரும் சிரித்தோம், நானுந்தான்.